கை நனைக்கப் போன நாள்

என் மகளின் கல்யாணம் நடப்பதும் நடக்காமல் போவதும், நான் ஒரு வேளைச் சோற்றை நாலு பேர் முன்னால் சாப்பிடுவதில் இருந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும்போது காபி குடிக்கலாம், முறுக்கு கடிக்கலாம், மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் இரண்டு மணி நேரம் பேசலாம். எதற்கும் அர்த்தம் கிடையாது. இலை போட்டு உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால்தான் பெண் கொடுக்கச் சம்மதம். அதற்குப் பெயர் கை நனைப்பது. பிடிக்கவில்லை என்றால் யாரும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார்கள். அந்த இன்னொரு நாள் வராது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும்.

முதலில் கை வைக்க வேண்டியவர் பெண்ணின் அப்பா. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான். அந்த அப்பா நான். பதினோரு மாதமாக நான் யார் முன்னாலும் எதையும் சாப்பிட்டதில்லை.

நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண்ணாகத்தான் அது வந்தது. உடைந்த கடைவாய்ப்பல் உரசுகிறது என்று நினைத்து இரண்டு மாதம் மணத்தக்காளிக் கீரை சாப்பிட்டேன். பிறகு ஒரு மருத்துவர் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். புகையிலை, பாக்கு, பீடி எதுவும் எனக்குப் பழக்கமில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரிந்தது. காரணம் இல்லாத செய்தி யாருக்கும் பிடிப்பதில்லை.

நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலை வெட்டி அந்த இடத்தில் தைத்தார்கள். காதுக்குக் கீழிருந்து முகவாய் வரை கழுத்தைத் திறந்து நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். புண் ஆறியதும் ஆறு வாரம் கதிர்வீச்சு. என் முகத்தின் அச்சிலேயே ஒரு வெள்ளை வலை முகமூடி செய்திருந்தார்கள். அதை மாட்டி மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் தலை அசையாது. இயந்திரம் சுற்றி வரும். கண்ணை மூடிக்கொண்டால், வெகு தொலைவில் அச்சு இயந்திரம் ஓடுவது போலக் கேட்கும். கோவையில் ஒரு நாளிதழில் முப்பது வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். அந்த ஓசைக்கு எனக்குத் தூக்கம் வந்துவிடும். முகத்தைப் பூட்டிய பிறகு குறட்டை விட்டவர் நீங்கள் ஒருவர்தான் என்று அங்கிருந்த பணியாளர் சொன்னார்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டிருந்தார்கள். நாலு மாதம் பாலும் கரைத்த மாவும் அதன் வழியாகப் போயின. வாய்க்கு ஒன்றும் கிடைக்காத அந்த நாட்களில் கனவு முழுக்கச் சாப்பாடாக இருந்தது. ஒரு கனவு பலமுறை வந்தது. நான் உக்கடத்தில் குளக்கரையில் நிற்கிறேன். குளம் முழுக்க ரசம். மேலே ஆவி பறக்கிறது, கறிவேப்பிலை அலையில் வந்து கரையில் ஒதுங்குகிறது. பேருந்துகளை நிறுத்திவிட்டு ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஆளுக்கொரு டம்ளரோடு வரிசையாக இறங்கி மொண்டு குடிக்கிறார்கள். அவசரமே இல்லை. வரிசை நகர்ந்து என் முறை வரும்போது என் கையில் டம்ளர் இருக்காது. விழித்தால் மூக்கருகே பிளாஸ்திரி அரிக்கும்.

குழாயை எடுத்த அன்று மனைவி ஒரு டம்ளரில் சிறுவாணித் தண்ணீர் கொடுத்தாள். இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. எனக்கு அது பழைய தகரத்தை நக்கியது போல இருந்தது. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அதற்குள் வீட்டில் என் முன்னால் யாரும் சாப்பிடாத வழக்கம் வந்துவிட்டிருந்தது. பேசி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தினார்கள். மகள் வேலையிலிருந்து வந்ததும் நேராக உள்ளே போவாள், பத்து நிமிடம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டால், "ஆபீஸ்லயே ஆச்சுங்ப்பா" என்பாள். குழாய் போய் நான் வாயால் சாப்பிடத் தொடங்கிய பிறகும் அது தொடர்ந்தது. மனைவி என் கிண்ணத்தை அறைக்குள் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள்.

பார்க்கச் சகிக்கவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். குறை சொல்ல முடியாது. நானே கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. எச்சில் ஊறுவதில்லை, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். தைத்த பகுதிக்கு உணர்ச்சி கிடையாது. சோறு இடது கன்னத்தில் ஒதுங்கினால் விரலை விட்டுத் தள்ள வேண்டும். உதட்டோரம் வழிந்தாலும் எனக்குத் தெரியாது. முகவாயை நெஞ்சோடு தாழ்த்தி, தலையை இடது பக்கம் திருப்பி, ஏதோ ரகசியம் கேட்பவன் போல இருந்துதான் விழுங்க முடியும். ஒரு கிண்ணம் குழைந்த சோற்றுக்கு ஐம்பது நிமிடம்.

மருத்துவமனையில் அவ்வப்போது ஒரு படிவம் தருவார்கள். வாழ்க்கைத் தரம் என்று மேலே போட்டிருக்கும். வலி எப்படி, தூக்கம் எப்படி, பேச்சு எப்படி என்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம், இல்லவே இல்லை என்பதிலிருந்து மிக அதிகம் வரை. மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதில் சிரமம் உண்டா என்ற கேள்விக்கு நான் இல்லவே இல்லை என்று குறியிட்டேன். விழுங்கும் பயிற்சி தருகிற பெண் அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், யாரோட சேர்ந்து சாப்பிடறீங்க?"

நான் கையை விரித்தேன். யாரோடும் சாப்பிடாதவனுக்குச் சேர்ந்து சாப்பிடுவதில் சிரமம் எப்படி இருக்கும்?

"அப்ப இத அடிச்சுட்டு வேற போடுங்க சார்" என்று பேனாவை நீட்டினாள். அவளிடம் வேலை பார்த்திருந்தால் நல்ல செய்தியாளன் ஆகியிருப்பேன்.

மகள் சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறாள். பையனும் அங்கேதான். காங்கேயத்துக்காரன், அப்பாவுக்குத் தேங்காய் எண்ணெய் ஆலை. இரண்டு வருடப் பழக்கம். எனக்கு வைத்தியம் நடந்த காலம் முழுவதும் மகள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தெரிந்த பிறகு ஜாதகம் பார்த்தோம், பொருந்தியது. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அன்று நான் கழுத்துத் தழும்பைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியின் தம்பிதான் எனக்காகப் பேசினான். "மாமாவுக்குத் தொண்டையில ஒரு சின்ன ஆப்பரேசனுங்க. கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு."

நோயின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. இரங்கல் அறிவிப்புகளில் குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அந்தச் சொல்லை அடித்துவிட்டு, உடல்நலக் குறைவால் என்று முப்பது வருடம் மாற்றி எழுதியவன் நான். என் விஷயத்தில் செய்யப்பட்ட திருத்தத்தை மறுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பையனின் அம்மா மனைவியின் செல்பேசிக்குக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க்கா. அண்ணனையுங் கூட்டிட்டு வந்து நம்மூட்ல கை நனச்சுட்டீங்கன்னா, மேக்கொண்டு தேதி பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலம் மைத்துனன் வந்தான். மனைவியும் மகளும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசையில் காபி மட்டும் இருந்தது.

"வெரதம்னு சொல்லிப்போடலாங்க்கா" என்றான் மைத்துனன். "மாமா ஆனைமலை மாசாணியம்மனுக்கு வேண்டியிருக்காரு, அன்னம் ஆகாதுன்னு."

"ஏன்டா, பொண்ணு குடுக்கப் போற எடத்துல போயி வெரதம்பாங்களா?" என்றாள் மனைவி. "வேண்டாங்கறதுக்கு இவியளுக்குச் சாமிதான் ஆப்புட்டுதான்னு கேப்பாங்க."

"அப்ப பல்லுவலின்னு..."

"நீ இன்னொருக்கா வாயத் தொறந்தீன்னா உனக்குத்தான் பல்லு வலிக்கும்."

மகள் காபியில் ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். "அப்பா வர வேண்டாங்ம்மா. நீங்களும் மாமாவும் போயிட்டு வாங்க. நான் அவங்கிட்டப் பேசிக்கறேன்."

"அப்பா இல்லாம மொதல்ல கை வெக்கறது யாரு கண்ணு?"

மகள் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றது எனக்குத் தெரிந்தது. நான் வருகிறேன், சாப்பிடுகிறேன் என்றேன். பாதி நாக்கால் குழறியது அவர்களுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

பதினான்கு நாள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். பந்தியில் கரண்டி வைத்துக்கொள்ள முடியாது, அதனால் கையால். பெரிய கவளம் வாய்க்குள் போகாது. சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, இரண்டு விரலால் வலது பக்கமாகச் செருகக் கற்றேன். புரையேறும்போது வெளியே மனைவி, "ஏனுங்க?" என்பாள். ஒன்றுமில்லை என்று கதவை ஒருமுறை தட்டுவேன். பதினான்காம் நாள் நாற்பது நிமிடத்துக்கு வந்திருந்தேன்.

நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையில் போக வேண்டும் என்பதால் ஐந்து பேர் கிளம்பினோம். நானும் மனைவியும், மைத்துனனும் அவன் மனைவியும், என் பங்காளி ஒருவரும். பெண்ணை அழைத்துப் போகும் வழக்கம் இல்லை. மகள் வாசலில் நின்று கார்க் கதவைச் சாத்தினாள். கண்ணாடி ஏறிய பிறகும் கையை எடுக்கவில்லை.

காலையில் போட்ட வலி மாத்திரை பல்லடம் தாண்டும்போது வேலை செய்யத் தொடங்கியது. அது தூக்கமும் அல்ல, விழிப்பும் அல்ல. காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கையை மெதுவாகத் தூக்கி, என்னவோ சொல்ல நினைத்து, சொல்லாமல் பின்னால் போயின. சோளத்தட்டு அறுத்த காடுகள். கிளுவை வேலிக்குள் ஒரு மயிலைக் காளை, அசையாமல், யாரோ வரைந்துவிட்டுப் போனது போல. முன்னால் மைத்துனன் யாரைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தான். சொற்கள் எனக்கு எட்டும் முன்பே பஞ்சாகப் பிரிந்துவிட்டன. காங்கேயம் நெருங்க நெருங்கச் சாலையின் இரண்டு பக்கமும் உலர்களங்கள் தொடங்கின. உடைத்த தேங்காய்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளை வாயை முழுக்கத் திறந்து வெயிலைப் பார்த்துக் கிடந்தன. எவ்வளவு பெரிதாகத் திறக்கிறது என்று நினைத்தேன். எண்ணெயும் புகையும் கலந்த வாசனை கார் முழுக்க நிறைந்தது. நாக்குத்தான் போயிற்று, மூக்குக்கு எல்லாம் தெரியும். அந்த வாசனைக்குள் நானும் ஒரு பரப்பில் காய்ந்துகொண்டு கிடப்பதாகத் தோன்றியது. பயம் இல்லை. யாரோ வந்து புரட்டிப் போடும்வரை காத்திருந்தால் போதும் என்று இருந்தது.

"மாமா, வந்துட்டமுங்க" என்றான் மைத்துனன்.

வீடு ஆலைக்குப் பின்னால் இருந்தது. பையனின் அப்பா தெருவுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஒடிசலான மனிதர், வெள்ளைச் சட்டையில் எண்ணெய் வாசனை. பையனின் அம்மா ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாங்க என்று கேட்டார். மழை பேசப்பட்டது. தேங்காய் விலை பேசப்பட்டது. மனைவியின் செல்பேசி இரண்டு முறை மினுங்கியது. மகளாகத்தான் இருக்கும். மனைவி அதைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு உள்கூடத்துக்கு அழைத்தார்கள். பந்திப்பாய் எதிரெதிராக இரண்டு வரிசையில் விரித்திருந்தது. எண்ணிப் பார்ப்பது என் தொழில் பழக்கம். எதிர் வரிசையில் அவர்கள் பக்கம் நாலு இலை. எங்கள் பக்கமும் நாலு இலை. நாங்கள் ஐந்து பேர். எங்கள் வரிசையின் தலைமாட்டில், பெண்ணின் அப்பா உட்கார வேண்டிய இடத்தில், பாய் வெறுமையாக இருந்தது. சன்னலோரம் ஒரு பிரம்பு நாற்காலியும் முக்காலியும் போட்டு, முக்காலியில் வெள்ளி டம்ளரில் இளநீர் வைத்திருந்தார்கள்.

"நீங்க இங்க உக்காருங்ணா, காத்து நல்லா வரும்" என்றார் பையனின் அம்மா. அதைவிட மரியாதையாக ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாது.

மைத்துனன் பாயில் கால் வைக்கவில்லை. "அக்கா, மாமாவுக்கு இலையே போடல" என்று அடிக்குரலில் சொன்னான். மனைவி பார்த்துவிட்டாள் என்பது அவள் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டதில் தெரிந்தது. "நம்மள வேண்டாங்கறாங்க. மொகத்துல அடிச்சாப்பல சொல்லாம, மரியாதையாச் சொல்றாங்க" என்றான் மறுபடி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த அன்று கழுத்துத் துண்டு சரிந்திருக்க வேண்டும், விசாரித்திருப்பார்கள், இந்த வியாதிக்காரன் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று தீர்மானித்திருப்பார்கள். மாத்திரையின் மிதப்பில் அது யாரோ ஒருவருடைய துரதிர்ஷ்டத்தைப் பற்றிய சிறு செய்தி போல, நாலு வரியில் என் முன்னால் நின்றது. மைத்துனன் இரண்டு கையையும் கூப்பினான். முகத்தில் விடைபெறுகிறவர்களின் சிரிப்பு வந்துவிட்டது.

"செரிங்க, அப்ப நாங்க இன்னொரு நாளைக்கு..."

அந்த வாக்கியம் முடிந்தால் திரும்ப எடுக்க முடியாது. என்னால் அதைவிட வேகமாகப் பேசவும் முடியாது. எனவே போய், வரிசையின் தலைமாட்டில், இலை இல்லாத இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன்.

பையனின் அம்மா முதலில் என்னையும் பிறகு தன் மகனையும் பார்த்தார். அவர் காது மடல் சிவந்தது.

"ஐயோ, அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பையன் எல்லாத்தையுஞ் சொன்னானுங்க. நாக்குல கேன்சரு வந்து பாதி எடுத்துட்டாங்க, நாலு பேரு முன்னால சாப்பிட மாட்டாரு, சங்கடப்படுவாருன்னு. அதுதான்... உங்களக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு நாந்தான் இலை போட வேண்டாம்னு சொன்னேன்."

அந்தச் சொல்லை அவர்தான் முதலில் சொன்னார். பையனின் அப்பா மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க தொண்டைன்னீங்க?"

"பக்கத்துலதானுங்களே" என்றான் மைத்துனன்.

யாரோ சிரித்தார்கள். பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இலை எடுக்க ஓடினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், வீட்டில் பதினோரு மாதமாகச் சாத்திக் கிடந்த சமையலறைக் கதவு எனக்கு விளங்கியது. அதுவும் ஒரு போடாத இலைதான். நான் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் அவர்கள் போகவில்லை. என்னால் முடியாததை என் கண்முன்னால் செய்யக் கூடாது என்று போயிருக்கிறார்கள். கேட்டால் மனம் நோகும் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தவறு இது. ஒரு கதவு இடைவெளியில், ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டே பட்டினி கிடப்போம்.

இலை வந்தது. தண்ணீர் தெளித்தேன். சோறு விழுந்தது.

"கொழையப் பெசஞ்சு கொண்டுவரட்டுங்களா?" என்று பையனின் அம்மா குனிந்து கேட்டார். தலையாட்டினேன். ஆனால் அதற்கு முன், போட்ட சோற்றில் நாலு பருக்கையைப் பருப்பில் தொட்டு உருட்டி, வலது பக்கமாகச் செருகி, ஒரு மடக்குத் தண்ணீரோடு, முகவாயைத் தாழ்த்தித் தலையைத் திருப்பினேன். என் பக்கத்தில் மனைவி மூச்சு விடாமல் இருந்தாள். இறங்கியது. அதற்குப் பிறகுதான் இரண்டு வரிசையிலும் கைகள் இலைக்குப் போயின.

ருசி தெரிந்தது என்று எழுத ஆசைதான். தெரியவில்லை. சூடு தெரிந்தது. நெய்யின் வாசனை தெரிந்தது. மூன்றாம் வாயில் புரையேறியது, சட்டையில் பருப்பு வழிந்தது. எல்லோரும் தங்கள் இலையையே உற்றுப் பார்த்தார்கள், நான் அந்த ஊரிலேயே இல்லாதது போல. மனைவி மட்டும் தன் முந்தானையால் என் முகவாயைத் துடைத்துவிட்டு, அதே கையோட்டத்தில் ஒரு அப்பளத்தை நொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அவள் சாப்பிடுவதை ஒரு வருடத்துக்குப் பிறகு பார்த்தேன். பொரியலை முதலில் முடித்துவிடும் பழக்கம் அவளுக்கு உண்டு என்பதை மறந்திருந்தேன்.

பத்து, பதினைந்து நிமிடத்தில் எல்லோருடைய இலையும் காலியானது. என் இலையில் கால்வாசிகூட நகரவில்லை. பெண்ணின் அப்பா எழும் முன் பந்தி எழக் கூடாது. யாரும் எழவில்லை. சன்னல் வெயில் பாயின் விளிம்பிலிருந்து மெல்ல ஏறி இலைகளுக்கு வந்தது. ஆலையில் செக்கு ஓடும் சத்தம் சுவர் வழியாக ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. விரல்களில் சோறு காய, எட்டுப் பேர் வலது கையை இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு நீண்ட மதியத்துக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு நானும் மிதந்தேன். அந்த வெளிச்சத்தில் நேரம் எதற்கும் அவசரப்படவில்லை.

"எனக்கு இன்னொரு கை ரசம்" என்றார் பையனின் அப்பா. அது மூன்றாவது தடவை. "நீங்க மெதுவாச் சாப்டுங்க சம்பந்தி."

"ஏனுங் மாமா, இன்னும் எத்தன வாயிங்க?" என்றான் மைத்துனன். "உங்களுக்குத் தொணைக்கின்னு தின்னு தின்னு என்ற வவுறு வெடிக்கப் போவுது."

"அதையும் நீ தொண்டை ஆப்பரேசன்னு சொல்லிப்போடுவ" என்றாள் மனைவி. எதிர் வரிசை சிரித்தது. என்னை யாரும் பார்க்காமல் இருந்தது அதோடு நின்றது. அப்புறம் எல்லோரும் சாதாரணமாகப் பார்த்தார்கள், சாப்பிடுகிற ஒருவரைப் பார்ப்பது போல.

நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. இலையை என் பக்கமாக மடித்தேன். முழங்கால்கள் மடமடவென்று சொடக்குப் போட, இரண்டு வரிசையும் எழுந்தது.

கை கழுவிவிட்டு முன்கூடத்துக்கு வந்ததும் பையனின் அப்பா நாள்காட்டியை மடியில் வைத்துக்கொண்டார். "ஆவணியா, ஐப்பசியாங்க?" என்று மைத்துனனைக் கேட்டார். வழக்கமாக எல்லோரும் எனக்குப் பதில் அவனைத்தான் கேட்பார்கள்.

"அவரக் கேட்டா? அண்ணனக் கேளுங்க" என்றார் பையனின் அம்மா.

நான் ஒரு வாக்கியம் சொன்னேன். கூடத்தில் ஏழெட்டுத் தலைகள் ஆமாம் என்று ஆடின. பதினோரு மாதமாக எனக்குப் பழகிப்போன தலையாட்டல் அது. புரியவில்லை என்று சொல்வதற்கு மனம் வராதவர்களின் தலையாட்டல். பையனின் அம்மா மட்டும் ஆட்டவில்லை. நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெளங்கலீங்ணா. மறுக்காச் சொல்லுங்க."

சொன்னேன். பாதி பிடித்தார். இன்னொரு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"மகளக் கேட்டுத்தான் சொல்லோணுமா?" அவர் முகம் மலர்ந்தது. "செரிதானே. கண்ணாலம் அதுக்குத்தானே. இப்பவே கேளுங்க."

மனைவியின் செல்பேசியை எடுத்து, அழைப்பைப் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டார். நான் தொலைபேசியில் பேசுவதை நிறுத்தி நாளாகிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. முதல் மணி முழுதாக அடிக்கும் முன் மகள் எடுத்தாள். மறுமுனையில் இருப்பது அம்மா இல்லை என்று என் மூச்சிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பா? சாப்டீங்களாப்பா?"

சாப்பிட்டேன் என்றேன். அவளுக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிட்டது, மறுபடி சொல்லச் சொல்லவில்லை. பிறகு ஆவணியா ஐப்பசியா என்று கேட்டேன். அதைத்தான் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.